கதவு மூடிதான் இருந்துச்சு

இன்று காலை நம்முடைய பழைய போன்களில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். அந்துருண்டை வாசனை அடித்தது. உன் கல்யாணப் புடவைகளுக்கென்று உன் அம்மா பீரோவில் போட்டு வைத்த உருண்டைகள். புடவைகளும் வரவில்லை, கல்யாணமும் வரவில்லை, அந்த வாசனை மட்டும் நம் பன்னிரண்டு போன்களிலும் ஏறிக்கொண்டது. துணியால் துடைத்தேன், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், வெயிலில் வைத்தேன். போகவில்லை. சரி, கிட என்று விட்டுவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது கூடப் பொய். இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து மொட்டை மாடிக்குப் போகிறேன், மலையைப் பார்க்கிறேன், திரும்பி வருகிறேன்.

"நீ ஒரு எடத்துல குந்தி வேலை செஞ்சி நான் பாத்ததே இல்லடி. காலுக்கு கீழ இன்னா ஸ்பிரிங்கா வச்சிக்கினு கீற?" என்று கேட்பாய். அப்படிக் கேட்க இப்போது ஆளில்லை. அதனால் இன்னும் அதிகமாக நடக்கிறேன்.

சித்தூரில் படித்த நான்கு வருடமும் நமக்குள் சண்டைதான். நீ சித்தூரை ஒட்டிய குடிபாலாக்காரி, உன் நைனா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வாட்ச்மேன். நான் திருப்பதி, அப்பாவுக்குக் கோவிலில் கைங்கர்யம். உன் 'வந்துக்கினு போய்க்கினு'வைக் கேட்டு நான் சிரிப்பேன். "நீ மட்டும் இன்னா, வந்துண்டு போயிண்டுன்ற. அதுக்கும் இதுக்கும் ஒரு பஸ் தூரம் கூட இல்ல" என்பாய். லேப்பில் ஒரே மேசைதான் கிடைத்தது, அதனால் சிநேகிதம். அந்த லேப்பில்தான் போன் டவர்களை நடத்தும் அந்த மென்பொருளை முதன்முதலில் இறக்கி ஓட்டிப் பார்த்தோம். ஒரு போன் இன்னொரு போனை அழைத்தது. நடுவில் எந்தக் கம்பெனியும் இல்லை. நீ கை தட்டினாய், நான் மேசையைச் சுற்றி ஓடினேன்.

என்னுடன் வேலை செய்பவர்களுக்கு அது என்னவென்று புரிய வைக்க இன்றும் திணறுகிறேன். உனக்கு அது கைவந்த வேலை, நான்கு வாக்கியத்தில் முடித்துவிடுவாய். டவருக்கும் டவருக்கும் நடுவே ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், எந்தப் போன் எந்த டவரின் கீழ் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பேசிக்கொண்டே போகிறவரை அடுத்த டவரிடம் ஒப்படைப்பது அவன் வேலை. பெரிய கம்பெனிகள் அந்தக் கணக்குப்பிள்ளையைப் பூட்டி வைத்து விற்கும், நாங்கள் திறந்து வைத்திருக்கிறோம், யாரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், தங்கள் ஊரில் ஓட்டலாம். இப்படிச் சொல்லிவிட்டு, "சம்பளம் இன்னான்னு மட்டும் கேக்காதீங்க" என்று நீயே சிரிப்பாய்.

படிப்பு முடிந்து எனக்கு ஸ்ரீசிட்டி பக்கம் வேலை கிடைத்தது. நீ சித்தூரில் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை செய்தாய். இந்த மென்பொருளை இருவரும் மிச்ச நேரத்தில் பார்த்தோம். பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலக, பராமரிக்கும் பொறுப்பு நம் இருவர் தலையில் வந்து விழுந்தது. எங்கிருந்து யார் திருத்தம் அனுப்பினாலும் உன் அறையிலிருக்கும் பில்டு சர்வர் அதை எடுத்து, முழு மென்பொருளையும் புதிதாகக் கட்டி, போன்களை ஒன்றையொன்று அழைக்கச் செய்து பார்க்கும். சரியாக இருந்தால் நம் வலைப்பக்கத்தில் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு ஒரு முழு ஓட்டம், முக்கால் மணி நேரம் போகும். அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் உலகத்தில் யாரோ நம்மை நம்பி எடுத்துப் போகிறார்கள்.

போன்களைப் பேச வைக்க ஓர் இரும்புப் பெட்டி வேண்டும். நம் சிக்னல் வெளியே போகக்கூடாது, அது சட்டம். ஊர் டவர்களின் சிக்னல் உள்ளே வரக்கூடாது, வந்தால் போன்கள் குழம்பிவிடும். அதற்கென்று செய்த பெட்டியின் விலை நமக்குக் கட்டாது என்று ஆனபோதுதான் நீ உன் பீரோவைத் தட்டிக் காட்டினாய். உன் சீருக்கென்று உன் நைனா முன்கூட்டியே வாங்கி வைத்த பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி. "புருஷன் வர்றப்ப வரட்டும். அதுவரிக்கும் போனுங்க குடித்தனம் பண்ணட்டும்" என்றாய். மேல் தட்டில் ஒரு குட்டி டவர், கீழ்த் தட்டில் ஒரு குட்டி டவர், நடுவில் வரிசையாகப் போன்கள். கதவு இடுக்குகளில் செம்பு நாடா ஒட்டினோம். உன் அம்மா வாசலில் நின்று, "இதுக்கா நானு உருண்ட வாங்கி போட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். லாக்கரை மட்டும் நாம் தொடவில்லை, அதில் வீட்டுப் பத்திரங்கள் இருந்தன. அதன் சாவி நைனாவின் இடுப்பில்.

அந்த டெஸ்டுகளில் ஒன்று நம் இருவரையும் பாடாய்ப் படுத்தியது. பேசிக்கொண்டிருக்கும் போனை மேல் தட்டு டவரிலிருந்து கீழ்த் தட்டு டவருக்கு மாற்றும் டெஸ்ட். பல நாள் ஓடும். திடீரென்று சில நாள் பேச்சு அறுந்து சிவப்பாகும். மறுபடி ஓட்டினால் பச்சை. அப்படியும் இப்படியுமாக ஒரு வருடம். எனக்குப் பொறுமை கிடையாது, அது உனக்குத் தெரியும். சிவப்பு வந்தால் ரீரன் பட்டனை அமுக்குவேன். மறுபடி சிவப்பா, மறுபடி அமுக்குவேன். உன் பீரோ கைப்பிடி லூஸ், கதவு சரியாகச் சேரவில்லை, வெளிச் சிக்னல் உள்ளே வருகிறது, அவ்வளவுதான் என்று நான் தீர்ப்பு எழுதியிருந்தேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. "பச்சையாவுற வரிக்கும் அமுக்கினா அது டெஸ்ட் இல்லடி, பேரம்" என்றாய்.

அந்த வருடம் நீ மாறிக்கொண்டிருந்தாய். நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. மே மாத சித்தூர் வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய், "இன்னாடி இது, குளிர்காலமா?" என்று உன் பாஷையிலேயே கிண்டல் செய்தேன். கூடை கூடையாக மாம்பழம் வரும் வீட்டில் நீ ஒரு துண்டு கூடத் தொடவில்லை. பல் கூசுகிறது என்றாய். பஸ் ஸ்டாண்டில் இளநீர் வெட்டச் சொன்னேன், உனக்கு வேண்டாம் என்றாய். திருத்தப் பேட்ச்களைப் படித்து ஒப்புதல் தர ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகியது. நான் என்ன செய்தேன்? "தூங்குமூஞ்சி, ஒரு நாளாச்சு, இன்னும் பாக்கலையா" என்று மெசேஜ் அனுப்பினேன். ஒரு தடவை அல்ல.

கடைசிச் சண்டை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மறுநாள் ரிலீஸ். சிவப்பு வந்தால் தானாகவே மூன்று முறை ஓட்டிப் பார்த்து, ஒன்று பச்சையானாலும் பச்சை என்றே காட்டும்படி நான் பில்டு சர்வரில் ஒரு வரி எழுதியிருந்தேன். உன்னைக் கேட்கவில்லை. நீ போன் செய்தாய். குரல் சோர்ந்திருந்தது, அதையும் சோம்பல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"அந்த ரீரன் லைன நீயா போட்ட?"

"ஆமாம். நாளைக்கு ரிலீஸ். உன் பீரோ கைப்பிடியை மாத்துன்னு நூறு தடவை சொல்லியாச்சு."

"கைப்பிடி நல்லாதான் கீது. ஒரு நிமிஷம் நான் சொல்றத கேளு."

"எப்பப் பார்த்தாலும் ஒரே பல்லவி. நான் பேரம் பேசறவ, நீதான் தர்மராஜா. போறுமா?"

"அது இல்லடி. இன்னொண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லு" என்று வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன். நீ வைக்கவில்லை.

நீ மறுபடி கூப்பிடுவாய் என்று நான் இருந்தேன், நான் கூப்பிடுவேன் என்று நீ இருந்திருப்பாய். ரிலீஸ் போனது. பச்சையாகத்தான் போனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் உன் தங்கை போன் செய்து, காய்ச்சல், நாலு நாளா ஆஸ்பத்திரி, இன்று காலை போய்விட்டாய் என்று அழுதாள். சித்தூருக்கு வந்தபோதுதான் தெரிந்தது, உன் சிறுநீரகங்கள் பதினோரு மாதமாக வேலை செய்யவில்லை என்று. திங்கள், புதன், வெள்ளி, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். முழுக்கைச் சட்டைக்குள் ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த கை.

உன் நைனா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பாப்பாதாம்மா சொல்லிச்சி. சின்னதுக்கு வேலூர்ல சம்பந்தம் பேசிக்கினு இருந்தோம். இது தெரிஞ்சா, வம்சத்துல வியாதி கீதுன்னு வர்றவங்க திரும்பி பூடுவாங்கன்னு அதுக்கு பயம்."

சம்பந்திக்குத் தெரியக்கூடாது, சரி. நான் யாருடி? எனக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம்? நான் வேலூர் போய்த் தமுக்கு அடித்திருப்பேனா? பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் மேல் எனக்கு வந்த கோபத்தில் அழுகை கூட வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் சித்தூர் பக்கம் வரவேயில்லை. சர்வர் அங்கேயே ஓடியது. உன் நைனா இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டார். நான் திருப்பதியிலிருந்தபடி பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பே வரவில்லை. எப்படி வரும்? நான் எழுதிய அந்த ஒரு வரி இன்னும் அங்கேயே இருந்தது.

அந்த 'இன்னொண்ணு' மட்டும் என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது, ஸ்ரீசிட்டி பஸ்ஸில், மீட்டிங்கில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது. என்ன சொல்ல வந்தாய்? உடம்பைப் பற்றியா? என் மேல் கோபமா?

போன தை மாதம் இரண்டு விஷயங்கள் ஒரே வாரத்தில் வந்தன. முதலில் ஒரு மெயில். எங்கோ ஒரு தூர தேசத்து மலைக் கிராமங்களுக்கு நம் மென்பொருளை வைத்து ஒரு சின்ன நெட்வொர்க் நடத்துகிறவர் எழுதியிருந்தார். நம் புது ரிலீஸைப் போட்டதிலிருந்து, இரண்டு டவர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு வளைவில் சில சமயம் பேச்சு அறுந்துபோகிறதாம். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றி வந்த வண்டி அந்த வளைவைக் கடக்கும்போது, மருத்துவச்சியோடு பேசிக்கொண்டிருந்த போன் அறுந்துவிட்டது. மறுபடி சிக்னல் பிடிக்க வண்டியைப் பின்னோக்கியே மேட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. தாயும் குழந்தையும் நலம் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தார், நல்ல மனிதர். கடைசி வரியில், 'உங்கள் பக்கத்தில் எல்லா டெஸ்டும் பச்சையாகவே இருக்கிறது, ஆகவே தவறு எங்கள் அமைப்பில்தான் இருக்க வேண்டும், கண்டுபிடிக்க உதவுவீர்களா' என்று கேட்டிருந்தார்.

அவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். உதவி கேட்டுவிட்டார். வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் நடந்தேன்.

இரண்டாவது, உன் நைனாவின் போன். "அம்மா, நல்லாக்கீறியா? சின்னதுக்கு முகூர்த்தம் வச்சிட்டோம், வேலூர்ல. பாப்பா வருசம் முடியட்டும்னுதான் காத்துக்கினு இருந்தோம். அந்த பீரோவ சீர்ல அனுப்பணும்மா. திங்கட்கிழமை வண்டி வருது. உங்க மிஷின எடுத்துக்கினு போறியா?"

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன். அந்த பீரோ மூன்று நாள்தான் என் கையில் இருக்கும். வேறு பெட்டிக்குள் மாற்றிவிட்டால் டவர்களின் தூரம் மாறும், நாடா மாறும், எல்லாம் மாறும். ஒரு வருடமாக வந்து போன சிவப்பு உன் பீரோவுக்குள் பிறந்தது, அங்கேயேதான் அதைப் பிடிக்க வேண்டும். பூதலப்பட்டு தாண்டும் வரை, கைப்பிடிதான் காரணம், கைப்பிடியாகத்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். கைப்பிடியாக இருந்துவிட்டால் அந்த வளைவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை.

உன் அறை அப்படியே இருந்தது. பீரோ கண்ணாடியில் உன் பொட்டு ஒன்று ஒட்டியிருந்தது. முதலில் கைப்பிடியைத்தான் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. கதவு கச்சிதமாகச் சேர்ந்தது. ஒரு சிக்னலும் உள்ளே வரவில்லை.

சர்வர் முன் உட்கார்ந்து தேடும்போது உன் கோப்பு அகப்பட்டது. 'செவப்பு' என்று பெயர் வைத்திருந்தாய். நான் அமுக்கி அமுக்கிப் பச்சையாக்கிய ஒவ்வொரு சிவப்பையும் நீ தனியாக எடுத்து வைத்து, பக்கத்தில் ஒரு குறிப்பு அடித்திருந்தாய். தமிழில், நீ பேசுகிற மாதிரியே.

'திங்கள். 5.32. கதவு. நைனா ஃபைல் எடுத்தாரு.'

'புதன். 5.30. கதவு. நைனா.'

'வெள்ளி. 5.36. கதவு. நைனா கண்ணாடி தேடிக்கினு இருந்தாரு, லேட்டு.'

'திங்கள். 5.31. கதவு. நைனா.'

பக்கம் பக்கமாகப் போகிறது. திங்கள், புதன், வெள்ளி. உன் ஆஸ்பத்திரி ஃபைல் லாக்கருக்குள் இருந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் வந்து போகும் வீட்டில் பூட்டி வைக்க வேறு இடம் இல்லை. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, ஐந்தரைக்கு நைனா பீரோவைத் திறந்திருக்கிறார். உள்ளே நம் போன்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். ஊர் டவரெல்லாம் உள்ளே புகுந்து டெஸ்ட் சிவப்பாகியிருக்கிறது. ஆக, கதவு என்று நான் சொன்னது சரிதான். நீ அதை ஒத்துக்கொள்ள முடியாது. ஒத்துக்கொண்டால், விடிகாலையில் உன் நைனா ஏன் பீரோவைத் திறக்கிறார் என்று நான் கேட்பேன். டெஸ்டை நாலு மணிக்கு மாற்றினாலும் ஏன் என்று கேட்பேன். நான் கேட்கிறவள்தான்.

பதினோரு மாதமாக என் ஸ்கிரீனில் வந்த சிவப்பில் முக்கால்வாசி, நீ ஊசிக்குப் போன காலைகள். ஒவ்வொன்றையும் நான் பட்டனை அமுக்கி அழித்திருக்கிறேன். நாற்காலியை விட்டு எழுந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தேன். "நாசமாப் போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

உன் நைனா டீ கொண்டு வந்தார். நான் திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. "நான் கதவ தொறந்தா அதுக்கு கெடுதல்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா. சொல்லியிருந்தா ஃபைல மொதநாளே எடுத்து தலகாணி கீழ வச்சிருப்பேனே" என்றார். உன்னைக் கேட்க அவருக்கும் கேள்விகள் இருக்கின்றன. என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன்.

ஆனால் எல்லாம் கதவு அல்ல. நடுநடுவே வேறு மாதிரி வரிகள் இருந்தன. 'வியாழன். 5.10. கதவு மூடிதான் இருந்துச்சு. காரணம் தெரியல. பாத்துக்கினு இருக்கேன்.' 'ஞாயிறு. 5.14. கதவு மூடிதான் இருந்துச்சு. காரணம் தெரியல. பாத்துக்கினு இருக்கேன்.' கோப்பின் கடைசி வரி, நாம் சண்டை போட்ட அந்த வெள்ளிக்கிழமை:

'5.12. கதவு மூடிதான் இருந்துச்சு. டவர் மாத்தற பேட்ச் மேல சந்தேகம். அவ எழுதினது, நான் ஓகே பண்ணது. அன்னிக்கு எனக்கு தல சுத்திக்கினு இருந்துச்சு, சரியா படிக்கல. அவகிட்ட எல்லாத்தையும் சொல்லணும்.'

அந்த 'இன்னொண்ணு' இதுதான். உடம்பும் அதுதான், பேட்சும் அதுதான். மத்தியானம் போன் செய்தாய், நான் அப்புறம் சொல்லு என்றேன்.

பழைய பதிவுகளைத் தோண்டினேன். அந்தப் பேட்ச் என்னுடையதுதான். ஞாயிறு அனுப்பியிருக்கிறேன். திங்கள் காலை எட்டு மணிக்கு, ஒன்பது மணிக்கு என்று இரண்டு முறை 'பார்த்தாச்சா?' என்று உன்னைக் குடைந்திருக்கிறேன். ஒன்பதரைக்கு நீ 'நல்லா கீது, ஓகே' என்று போட்டிருக்கிறாய். திங்கள் ஒன்பதரை. ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் போன். என் தொல்லை தாங்காமல் நீ ஓகேயை அமுக்கினாய். நான் பொறுமை இல்லாமல் ரீரனை அமுக்கினேன். உன்னை மட்டும் நல்லவளாக்கி, என்னை மட்டும் கெட்டவளாக்கி இந்தக் கடிதத்தை எழுதிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. நீயே எழுதி வைத்துவிட்டாய், உன் பங்கை.

சந்தேகப்பட்ட இடத்தை நீ காட்டிவிட்டாய், நான் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. தானாக ஓட்டும் அந்த வரியை முதலில் எடுத்தேன். பிறகு அந்த ஒரு டெஸ்டை மட்டும் விடாமல் ஓட்டினேன். உன் நைனா வாசல் கதவைக் கூட மெதுவாகச் சாத்தினார். வெள்ளி ஒன்றும் இல்லை. சனி இரண்டு சிவப்பு, காரணம் பிடிபடவில்லை. உன் அம்மா தட்டை வைத்துவிட்டு, "நின்னுக்கினே துன்னாத, குந்து" என்று அதட்டினார். ஞாயிறு மத்தியானம், வரிசையில் இருப்பதிலேயே பழைய போனை, மற்ற எல்லாவற்றையும் விட மெதுவாகப் பதில் சொல்லும் போனை, தனியாக வைத்து ஓட்டினேன். சிவப்பு. மறுபடி. சிவப்பு.

விஷயம் இவ்வளவுதான். போன் ஒரு டவரை விட்டு அடுத்த டவருக்குப் போகும்போது, பழைய டவர் 'என்னிடமிருந்து போய்விட்டது' என்று சொல்லும், புது டவர் 'என்னிடம் வந்துவிட்டது' என்று சொல்லும். மெதுவான போனாக இருந்தால், 'வந்துவிட்டது' என்ற செய்திக்கு முன்பே 'போய்விட்டது' என்ற செய்தி வந்துவிடும். 'போய்விட்டது' வந்தவுடனேயே நான் எழுதிய வரிகள் அந்தப் போனின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டன. ஒரு நொடி பொறுத்திருந்தால் அது அந்தப் பக்கம் வந்து சேர்ந்திருக்கும். நான் எழுதியதில் பொறுக்கவில்லை.

பதினாறு வரித் திருத்தம். ஞாயிறு சாயங்காலம் பழைய போனை மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கும், கீழ்த் தட்டிலிருந்து மேல் தட்டுக்கும் ஓயாமல் அனுப்பினேன். ஒரு பேச்சும் அறுபடவில்லை. உன் நைனா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு யாருதும்மா?"

"ரெண்டு பேரோடதும், நைனா." அவரை நானும் அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

"கண்டுபுட்ச்சது?"

"அவ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போய், வாசலில் நின்றார்.

திருத்தத்தை வெளியிடும்போது, கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டேன். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது, தவறை எழுதியவரும் நானே என்று கீழே சேர்த்தேன். அந்த மலைக்காரருக்கு எல்லோரும் படிக்கும் பொது மெயில் பட்டியலிலேயே பதில் எழுதினேன். உங்கள் அமைப்பில் தவறு இல்லை, எங்கள் மென்பொருளில்தான் தவறு, அது சிவப்பாகத் தெரிந்தபோதெல்லாம் பச்சையாகும் வரை மறுபடி ஓட்டியவள் நான், ஒரு வருடத்துக்கு மேல் நீங்கள் பார்த்த பச்சைகளில் எது நிஜம் என்று என்னால் சொல்ல முடியாது. அனுப்பும் பட்டனுக்கு மேல் விரல் ரொம்ப நேரம் நின்றது. சிலர் கடுமையாக எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. வளைவில் இறங்கி, ஏறி, பேசிக்கொண்டே பல முறை போய்ப் பார்த்தார்களாம், அறுபடவில்லையாம்.

அந்தத் திங்கட்கிழமையே பீரோ வண்டியேறியது. செம்பு நாடாவை உன் தங்கை உரிக்க விடவில்லை, அக்கா ஒட்டினது இருக்கட்டும் என்றாள். உன் பொட்டும் கண்ணாடியில் அப்படியே வேலூர் போனது.

போன்களும் சர்வரும் இப்போது திருப்பதியில் என்னிடம். அப்பா தன் கைங்கர்ய வேஷ்டிகள் இருந்த பீரோவைக் காலி செய்து கொடுத்தார். "நான் மர அலமாரில வெச்சுக்கறேன், நீ எடுத்துக்கோ. யாராவது கேட்டா என்னன்னு சொல்லட்டும்?" என்றார். போன்கள் பேசறதுக்கு என்றேன். பச்சைக்கற்பூரமும் துளசியும் மணந்த பீரோ, இப்போது உன் வீட்டு அந்துருண்டை நாறுகிறது.

இன்று செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணி ஓட்டத்தில் சிவப்பு வந்தது. இது டவர் மாற்றுவது அல்ல, வேறு டெஸ்ட், இதுவரை சிவப்பே காணாத ஒன்று. அந்தப் போனைத்தான் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். போனில் கோளாறு இல்லை. நாளை மறுநாள் ரிலீஸ். நடந்தேன், மாடிக்குப் போனேன், வந்தேன். விரல் தானாக ரீரன் பட்டனுக்குப் போனது, பழக்க தோஷம். அமுக்கவில்லை. ரிலீஸ் தள்ளிப்போகிறது என்று மெயில் பட்டியலுக்கு எழுதிவிட்டு, உன் கோப்பைத் திறந்தேன். உன் கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி அடித்தேன். உன் தமிழ்தான் வந்தது, மாற்றவில்லை.

'செவ்வாய். 5.21. கதவு மூடிதான் இருந்துச்சு. காரணம் தெரியல. பாத்துக்கினு இருக்கேன்.'